நாய்ஸ் என்றால் சத்தமா, இரைச்சலா?

'நாய்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'ஒலி' என்று எழுதிவிடுகிறோம். 'ஒலி மாசு' அப்படி வந்ததுதான். கோயில் மணியும் ஒலி, குயில் கூவுவதும் ஒலி. வேண்டாத ஒலியைக் குறிக்கத் தமிழில் இரைச்சல் என்ற சொல் இருக்கும்போது, பொதுச்சொல்லின் மேல் பழி போடுவானேன்? 'இரைச்சல் மாசு' என்பதே சரி.

நாய்ஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குச் சச்சரவு, அமளி என்று பொருள். அதற்கும் முன்னால், கப்பலில் போகிறவருக்கு வரும் குமட்டலைக் குறித்த லத்தீன் சொல்தான் மூலம் என்பது பலர் ஏற்கும் கருத்து. தமிழில் 'பூசல்' இதே தடத்தில் நடந்திருக்கிறது: பேரொலி, சண்டை இரண்டும் அதன் பொருள். இன்று சண்டை மட்டும் தங்கிவிட்டது.

இரைச்சலுக்கு வேர் 'இரை' என்னும் வினை. கடல் இரைகிறது, மழை இரைகிறது, ஓடி வந்தவருக்கு மூச்சு இரைக்கிறது. விட்டுவிடாமல் தொடர்வது அதன் குணம். சேலம் அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓடும் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அருகில் நின்று கேட்டால் அது ஒற்றை ஒலியாக இராது. ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை பிக்கர் என்னும் தள்ளு கட்டை அடிக்கும் 'டக்', எதிர்ப்பெட்டியில் நாடா மோதி நிற்கும் 'டக்', பல் சக்கரங்களின் உறுமல் எல்லாம் கலந்திருக்கும். சாதாரணத் தறியில் நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் நாடா பாயும். பத்துத் தறி சேர்ந்தால் தனி அடிகள் காதில் பிரியாமல் இரைச்சலாகிவிடும். மோதலைத் தாங்கும் தோல் தேய்ந்துவிட்டால் 'டக்' இன்னும் கடுமையாகும்.

'ஸ்க்ரீச்' வேறு. அது ஒலிக்குறிப்பில் பிறந்த சொல். தமிழிலும் 'கிறீச்' என்கிறோம், ஆகவே கிறீச்சிடல். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டியின் பிரேக் இப்படிக் கத்தும். பிரேக்கின் உராய்வுப் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை ஒரே சீராக உரசாமல் பிடித்து, விட்டு, மீண்டும் பிடிப்பதால் எழும் அதிர்வு அது. லைனிங் முழுதும் தேய்ந்து, அதைப் பிணைக்கும் ரிவெட் ஆணி டிரம்மில் உரசும்போது 'நறநற' என்று கேட்கும். அதைக் கிறீச்சிடல் என்று எழுதக் கூடாது, அரைபடும் ஒலி என்க. மெக்கானிக்குக் குறையைச் சொல்லும்போது இந்த வேறுபாடு உதவும்.

சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஏர் ஹாரன் எழுப்புவது 'பிளேர்'. அலறல் என்றால் போதும்.

'கிளாமர்' என்று தமிழில் எழுதினால் கவர்ச்சியைக் குறிக்கும் இன்னொரு சொல்லாகப் படிப்பார்கள். 'கூவி அழை' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்த இதற்குக் கூச்சல் சரியாகப் பொருந்தும். இரண்டுமே தொண்டையிலிருந்து வருபவை. எந்திரம் இரையும், மனிதர் கூச்சலிடுவர். இதை மாற்றி எழுதாதீர்கள்.

'காக்கஃபனி'யில் கிரேக்கச் சொற்கள் இரண்டு: கெட்ட, ஓசை. பலரும் 'கூச்சல் குழப்பம்' என்று முடித்துவிடுகிறார்கள். தனித்தனியே இனிமையாக இருக்கும் ஒலிகளும் ஒவ்வாமல் கலந்தால் இந்த நிலை வரும். அடுத்தடுத்த இரண்டு பந்தல்களில் வெவ்வேறு பாட்டு ஓடுவதைக் கேட்டவருக்கு இது விளங்கும். இன்னோசைக்கு எதிர் இன்னாவோசை, அதுவே நேர்ச்சொல்.

சட்டம் பற்றி எழுதுவோர் 'நாய்ஸ் லெவல்' என்பதை 'இரைச்சல் அளவு' என்க. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு இரைச்சல் மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். தொழிற்பகுதிக்கு 75, 70. டெசிபல் அலகுப் பெயர், மாற்ற வேண்டாம்.

'டின்' என்பது பழைய ஆங்கிலச் சொல்; ஓயாத பேரொலி. எந்திரத்துக்குப் பேரிரைச்சல் போதும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை இறங்கும் நேரத்து ஆள் சத்தத்துக்கு மட்டும் 'கம்பலை' என்று எழுதலாம். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவத்தை, அதாவது ஒலியைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பிய உரியியல். மற்ற மூன்றும் இந்தப் பொருளில் வழக்கிழந்தன. கம்பலை மட்டும் 'கண்ணீரும் கம்பலையுமாக' என்று இன்றும் நம் வாயில் இருக்கிறது.