நாட்வெஸ்ட் பன்றி உண்டியல்: முகத்தைப் பார்க்கும் முன் அடியைப் பாருங்கள்

இங்கிலாந்தின் நாட்வெஸ்ட் வங்கி 1983-இல் சிறுவர் சேமிப்புக் கணக்குக்காகக் கொடுக்கத் தொடங்கிய பன்றி உண்டியல்கள் இன்றும் ஏலங்களிலும் இணையத்திலும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. இவற்றைச் செய்தது ஸ்டாஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த வேட் மட்பாண்ட நிறுவனம். குடும்பத்தில் ஐந்து பேர்: இடுப்பில் துணி கட்டிய குழந்தை வுடி, அக்கா அனபெல், அண்ணன் மாக்ஸ்வெல், அம்மா லேடி ஹிலரி, அப்பா சர் நத்தானியல். அப்போது 3 பவுண்டு போட்டுக் கணக்குத் தொடங்கினால் வுடி கிடைத்தது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பைப் பார்த்து 25 பவுண்டுக்கு அனபெல், 50-க்கு மாக்ஸ்வெல், 75-க்கு லேடி ஹிலரி, 100-க்கு சர் நத்தானியல். அந்த நூறை எட்டிய பிள்ளைகள் குறைவு. அதனால்தான் வுடி எளிதாகக் கிடைக்கிறது, அப்பாவுக்குப் போட்டி இருக்கிறது. போட்டி உள்ள பொருளில்தான் ஒட்டுவேலையும் அதிகம் ஒளிந்திருக்கும்.

மட்பாண்டம் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்களாக நாங்கள் வலியுறுத்துவது ஒன்றுதான்: வாங்குவதற்கு முன் தலைகீழாகத் திருப்புங்கள். இந்த உண்டியல்களின் சேதம் பெரும்பாலும் அடித்துளையில்தான் தொடங்குகிறது. காசு எடுக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருப்பார்கள். துளையின் விளிம்பில் மெருகு, அதாவது மண்ணின்மேல் உள்ள கண்ணாடி போன்ற பூச்சு, சில்லாகப் பெயர்ந்திருக்கும், அங்கிருந்து மயிரிழை விரிசல் ஒன்று கால் பக்கமாக ஓடும். முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. துளைக்குள் சின்ன டார்ச்சை வைத்து இருட்டில் பாருங்கள். விரிசல் சில சமயம் உட்பக்கத்தில்தான் முதலில் கண்ணில் படும். காசையும் தக்கையையும் எடுத்துவிட்டு, பஞ்சு மடிப்பின்மேல் வைத்து விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல உண்டியல் தெளிவாக ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாகச் சத்தமிடும்.

துளையை அடைக்கும் ரப்பர் தக்கையில் வங்கியின் மூன்று அம்பு சின்னம் பதிந்திருக்க வேண்டும். பழைய தக்கை தொலைந்து புதியதைப் பொருத்தியிருந்தால் உண்டியல் போலி என்றாகிவிடாது, ஆனால் விலை குறையத்தான் வேண்டும். வேட் முத்திரை இல்லாத வுடியையும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தொடக்ககால வுடிகளைச் செய்தது சன்ஷைன் செராமிக்ஸ் என்ற வேறொரு நிறுவனம். மற்ற நான்கு பேரில் முத்திரை இல்லை என்றால் கேள்வி கேளுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க அளவுகோலே போதும். அசல் உண்டியலின்மேல் பிளாஸ்டர் அச்செடுத்து வார்க்கும்போது, களிமண் காய்ந்து சூளையில் வேகும் வரை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சர் நத்தானியல் 7 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் உயரம். அவரைப் பார்த்து எடுத்த நகல் ஆறரை அங்குலத்தில் நின்றுவிடும். பொத்தான், கண்ணிமை போன்ற நுணுக்கங்களும் மழுங்கித் தெரியும். உயரத்தை விற்பவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

மறைத்த ஒட்டுவேலைக்கு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் நல்ல துணை. காதுகள், மூக்கு, காசு போடும் பிளவு ஆகிய மூன்றையும் இருட்டில் பாருங்கள். எபாக்சி பசையும் பூச்சு வண்ணமும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரும். உதட்டில் வைத்தால் மெருகு சில்லென்றிருக்கும், பூசிய இடம் அவ்வளவு குளிராது.

உள்ளே காசு குலுங்கினால் பலருக்கு மகிழ்ச்சி. எங்களுக்குக் கவலை. 1992-க்கு முந்தைய பெரிய 10 பென்ஸ் காசு ஒவ்வொன்றும் 11.31 கிராம். பத்து பவுண்டு அளவுக்குச் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அது தபாலில் புரண்டால் உள்ளிருந்தே சுவரை அடித்துப் பிளக்கும். ஈரம் பட்டால் வெண்கலக் காசுகள் பச்சை பூத்து, மெருகில்லாத உட்சுவரில் கறை இறங்கும்.

தக்கை இறுகியிருந்தால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தக்கையின்மேல் பத்து நிமிடம் வையுங்கள். ரப்பர் இளகியதும் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை விளிம்பில் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். கத்தி, ஸ்பூன் எதுவும் வேண்டாம். ரப்பர் நொறுங்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கழுவும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது. மெருகுக்கு அடியில் இருப்பது நுண்துளைகள் நிறைந்த சுட்ட மண். தண்ணீரில் ஊறவைத்தால் அழுக்கு நீர் விரிசல்வழியே உள்ளே போய்ப் பழுப்புக் கோடாக நின்றுவிடும். பிளீச் இன்னும் மோசம். அதன் உப்பு மண்ணுக்குள் தங்கி, காயும்போது படிகமாகி மெருகை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும். மாதங்கள் கழித்துத்தான் சேதம் தெரியும் என்பதால் காரணம் பிளீச் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. மென்மையான தூரிகையால் தூசு தட்டி, இரண்டு சொட்டு பாத்திர சோப்பு கலந்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உடனே ஒற்றி எடுங்கள். டிஷ்வாஷரில் வைக்கவே கூடாது.

காது உடைந்துபோனால் துண்டுகளைச் சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். சற்றே விலகி ஒட்டிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. பாரலாய்ட் பி-72 பிசின் அசிட்டோனில் கரையும், எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சீராக்கலாம். ஒட்டும்வரை துண்டுகளைத் தனித்தனியே டிஷ்யூவில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று பொருத்திப் பொருத்திப் பார்த்தால் விளிம்புகள் தேய்ந்து, பிறகு எந்தக் கையாலும் சரியாகச் சேராது.

அனுப்பும்போது முதலில் உடைவது காது. அதைத் தனியாகச் சுற்றிய பிறகுதான் உடலைச் சுற்ற வேண்டும். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் நிரப்பு. காசை வெளியே எடுத்துவிடுங்கள், தக்கையைத் தனி உறையில் போடுங்கள்.