சிபேப் மெஷின் பரணுக்குப் போகாமல் இருக்க

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனையில் தெரிந்து, சிபேப் மெஷின் வாங்கிப் போகிறவர்களில் பலர் இரண்டாவது வாரமே அதைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால், "நமக்கு அது ஒத்துக்கிடல சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. மூச்சு முட்டுகிறதா, கண்ணில் காற்று அடிக்கிறதா, வாய் காய்கிறதா, வயிறு உப்புகிறதா? எது என்று சொன்னால் பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். "ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு ஆயிட்டா?" என்று வீட்டில் உள்ளவர்கள் கலங்குகிறார்கள். இது ஆக்சிஜன் மெஷின் அல்ல. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. அறையில் இருக்கும் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பி, அந்தப் பாதையை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது மெஷின், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் 1981ல் வெளியிட்ட முறை இது. தூக்கத்தில் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒரு தடை என்று கணக்கு. மணிக்கு 5 முதல் 15 தடை வரை என்றால் நோய் லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம்.

மூச்சு முட்டுகிறது என்பதுதான் முதல் வாரத்தில் அதிகம் வரும் புகார். காற்று அதிகமாக வருவதால்தான் முட்டுகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரம் உண்மை நேரெதிர். தானாக அழுத்தம் மாற்றிக்கொள்ளும் மெஷின்கள் 4 முதல் 20 (செ.மீ. தண்ணீர் அழுத்தம்) என்ற அளவில் வருகின்றன. அந்த அளவிலேயே கொடுத்து அனுப்பினால், விழித்திருக்கும்போது 4ல் ஓடுகிறது. உடம்பு பெருத்தவர்களுக்கு அந்தக் காற்று இழுக்கப் போதாது. தொடக்க அளவை 6 அல்லது 7 ஆக்கிக் கொடுத்தால் அந்த நிமிடமே ஆசுவாசம் தெரியும். அளவை மாற்றுவது மருத்துவர் சொல்லி நடக்க வேண்டிய காரியம், நீங்களாகத் திருக வேண்டாம். மூச்சை வெளியே விடத்தான் கஷ்டம் என்றால் அது வேறு. வெளிமூச்சின்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு, அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மாஸ்க்கை முதன்முதலாக ராத்திரி பத்து மணிக்கு, லைட்டை அணைத்துவிட்டு மாட்டக் கூடாது. பகலில் டிவி பார்த்துக்கொண்டு, பெல்ட் போடாமல் கையாலேயே முகத்தில் பிடித்துப் பழகுங்கள். அது பயமில்லாமல் ஆனபின் பெல்ட் போட்டு அரை மணி நேரம், அடுத்து மத்தியானத் தூக்கத்தில், பிறகு ராத்திரி. நடு ராத்திரியில் காற்று பலமாக அடிப்பதாகத் தோன்றி விழித்தால், மாஸ்க்கைப் பிடுங்காமல் ராம்ப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தம் தொடக்க அளவுக்கு இறங்கி மெல்ல ஏறும்.

காற்றுக் கசிவு பற்றி ஒரு வழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது: கசிந்தால் பெல்ட்டை இறுக்குவது. இறுக்க இறுக்க சிலிகான் குஷன் மடங்கி இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். உட்கார்ந்தபடி மாட்டுவதும் தவறு, படுத்தால் முகத்தின் சதை சரிந்து அளவு மாறும். தூங்கும் வாக்கில் படுத்து, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி வையுங்கள். குஷனுக்குள் காற்று நிரம்பி உட்காரும். பிறகு இரண்டு பக்கமும் சமமாக, கசிவு நிற்கும் வரை மட்டும். பெல்ட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மாஸ்க்கின் முன்புறம் சிறு துளைகள் வழியே சீராக வரும் காற்று கசிவல்ல. நீங்கள் விட்ட மூச்சு வெளியே போகிற வழி அது. அதை பிளாஸ்திரி போட்டு அடைப்பது ஆபத்து, போர்வையால் மூடவும் கூடாது.

நம் பக்கத்துக்கென்றே சில சங்கதிகள் உண்டு. அடர்ந்த மீசை வைத்தவர்களுக்கு, வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க் மீசை மேல் படியாமல் கசியும். மீசையை எடுக்கச் சொல்லி எந்த அண்ணாச்சியிடமும் வாதாட வேண்டாம். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க்கைப் பாருங்கள், வாயைத் திறந்து தூங்காதவர்களுக்கு அது போதும். பெண்களுக்கு மூக்குத்தி குஷனைக் குத்தும். கழற்ற மனமில்லை என்றால் மாஸ்க் வாங்கும்போதே மூக்குத்தியோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். தேங்காய் எண்ணெய், முகக் கிரீம், விபூதி எதுவும் குஷன் படும் இடத்தில் இருக்கக் கூடாது. படுக்கும் முன் முகத்தை சோப்புப் போட்டுக் கழுவினால் பாதிக் கசிவு போய்விடும். பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர்கள், கழற்றியபின்தான் மாஸ்க் அளவு பார்க்க வேண்டும்.

வயிறு உப்பி ஏப்பமாக வந்தால், காற்றை விழுங்குகிறீர்கள் என்று அர்த்தம். ராத்திரி பதினொரு மணிக்கு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் இது கூடும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

காற்றை ஈரமாக்க மெஷினோடு இருக்கும் ஈரப்பதத் தொட்டியில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதிலும் தாது உப்பு உண்டு. போர் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரமே தொட்டியின் அடியில் வெள்ளை படியும். காய்ச்சி ஆறவைத்தால் கிருமி போகும், உப்பு போகாது. அவசரத்துக்கு ஓரிரு நாள் பரவாயில்லை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம். சளி பிடித்தால் தொட்டியில் தைலம், கற்பூரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆவி நேராக நுரையீரலுக்குப் போகும், ஒருபோதும் கூடாது. மீதித் தண்ணீரைத் தினம் காலையில் கொட்டிவிடுங்கள். மெஷினைத் தூக்கும் முன்பும் தொட்டியைக் கழற்ற வேண்டும், சாய்ந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போகும்.

ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து கடகடவென்று சத்தம் வந்தால், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், அல்லது குழாய்க்குத் துணி உறை போடுங்கள். மெஷின் எப்போதும் தலை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். பாயில் படுக்கிறவர்கள் ஜன்னல் திண்டில் வைத்தால் கோத்த தண்ணீர் மூக்குக்கு வரும். சின்னப் பலகை ஒன்றில் தலைக்குப் பக்கவாட்டில் வையுங்கள், வெறும் தரையில் தூசியும் எறும்பும் ஏறும். ஆனி, ஆடிக் காற்றில் ஃபில்டர் சீக்கிரம் கறுக்கும். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆனி, ஆடியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

கரண்ட் போனால் மெஷின் நிற்கும். பெரிய மாஸ்க்கில் உள்ள வால்வு திறந்து வெளிக்காற்று வரும், ஆனாலும் விழித்ததும் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது ஈரப்பதச் சூட்டை அணைத்தால் பேட்டரி வெகுநேரம் தாங்கும்.

குஷனைத் தினமும் துடைத்து, வாரம் ஒருமுறை மாஸ்க்கையும் குழாயையும் மிதமான சோப்பு நீரில் அலசி நிழலில் காய வையுங்கள். டெட்டால் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம், சிலிகான் கெட்டுவிடும்.

குறைந்தது நாலு மணி நேரமாவது, வாரத்தில் ஐந்து ராத்திரிக்குக் குறையாமல் போட்டால்தான் மருத்துவர்களே அதை ஒழுங்கான உபயோகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முழுத் தூக்கத்துக்கும் போடுவதுதான் இலக்கு. மெஷின் திரையில் மணிக்கு எத்தனை தடை என்ற எண் 5க்குக் கீழே இருக்க வேண்டும். கசிவில்லாமல் ஒழுங்காகப் போட்டும் எண் இறங்கவில்லை என்றாலோ, எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ, மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மெமரி கார்டோடு மாஸ்க்கையும் எடுத்துப் போங்கள். மாஸ்க் இல்லாமல் வந்தால் பாதிப் பிரச்சினையைப் பார்க்கவே முடியாது.