பழைய ஜீப்பைப் பட்டறையில் விடும் முன் ஆர்.சி. புக்கைப் பிரித்துப் பாருங்கள்

கோபி, சத்தி, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய ஜீப் ஒன்றாவது கண்ணில் படும். வில்லீஸ், மஹிந்திரா சி.ஜே., எம்.எம். 540, அர்மடா. இப்போது பசங்களுக்கு அதையெல்லாம் தூசி தட்டி ஓட்டும் ஆசை வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் முதலில் பட்டறைக்குப் போய் லட்சக்கணக்கில் செலவு செய்து டிங்கரிங், பெயிண்ட், புது டயர் எல்லாம் முடித்துவிட்டு, அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறார்கள். அங்கே போனபிறகுதான் வண்டி ஒன்று, புக் ஒன்று என்று தெரிகிறது. வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

சட்டம் இவ்வளவுதான். சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 வருடம் செல்லும், அப்புறம் சோதனைக்குக் காட்டி 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக என்பதைக் கவனியுங்கள்.

முதல் ஏமாற்று வேலை ஆபீசுக்கு வெளியிலேயே நடக்கிறது. "பதினஞ்சு வருசம் தாண்டிருச்சுங்க, இனி உடைக்கத்தான் ஆகும்", "டீசல் வண்டிக்குப் பத்து வருசம்தான் ஆயுள்" என்று சொல்லி, தோட்டத்துக்காரரிடம் இரும்பு விலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருடக் கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் வந்தது, நம் ஊருக்கு அல்ல. தனியார் வண்டி வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் அதை உடைக்கச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. சோதனையில் தேறினால் ஓட்டலாம். செலவு மட்டும் ஏறியிருக்கிறது: 2022 ஏப்ரலில் இருந்து நான்கு சக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000, 20 வயது தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். இதுபோகப் பழைய வண்டிக்கான பசுமை வரி தனி. தாமதித்தால் மாதம் 500, அதாவது ஒரு வருடம் சும்மா விட்டால் 6,000. ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அதற்கும் முன்னால் வாங்க மாட்டார்கள்.

இன்னொரு பொறி, அரசு ஜீப். யூனியன் ஆபீஸ் வண்டி, ஏதோ துறையில் ஓடிய வண்டி, "ஏலத்துல எடுத்தது, பேர் மாத்திக்கலாம்" என்று வரும். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் ஆர்.சி.யைப் புதுப்பிப்பது கிடையாது, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பே முறைப்படி தனியார் பெயருக்கு மாறியிருந்தால் பிரச்சினை இல்லை. பெயர் இன்னும் அரசுத் துறையிலேயே இருந்தால் காசைக் கொடுக்காதீர்கள். மலையடிவாரத்து விவசாயி ஒருவர் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, இன்றைக்கும் வரப்போரம் நிறுத்தி வைத்திருக்கிறார். விற்றவர் போனை எடுப்பதில்லை.

ராணுவத்தில் ஓடிய வண்டி என்றால், பதிவுக்கு 21ஆம் எண் படிவத்தில் ராணுவத் தரப்பு கொடுத்த அசல் விற்பனைச் சான்று வேண்டும். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. அந்த ஆலிவ் பச்சைப் பெயிண்ட் விவகாரமும் உண்டு. ஜீப் என்றாலே அந்தக் கலர்தான் அழகு என்று பசங்க அடித்துவிடுகிறார்கள். ராணுவ வண்டியைத் தவிர வேறெதற்கும் அந்தக் கலர் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 நேரடியாகச் சொல்கிறது. அதைப் பார்த்ததும் வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு கலர் அடித்தால், புக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான அலைச்சல். கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்.சி. புக் வண்டிகளில் பலவற்றின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் ஒன்றும் வராது. ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தோடு இருந்தது, திருப்பூர் 2009இல்தான் பிரிந்தது, நடுவில் ஆர்.டி.ஓ. ஆபீசுகள் வேறு பலதாகப் பெருகிவிட்டன. அதனால் கோபிக்காரர் வண்டி கோயம்புத்தூரில் பதிவாகியிருக்கும். கோபியில் கேட்டால் கோவைக்குப் போ என்பார்கள், கோவையில் அந்த ரிஜிஸ்டர் அங்கே போய்விட்டது என்பார்கள், நீங்கள் பஸ்ஸில் போய் வந்துகொண்டே இருப்பீர்கள். வாய்வார்த்தையாகக் கேட்பதை நிறுத்துங்கள். ஆர்.சி. நகல், பழைய வரி ரசீது, பழைய இன்சூரன்ஸ் எது கிடைத்தாலும் சேர்த்து, விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள், ஒரு நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். ரிஜிஸ்டர் எந்த ஆபீசில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கவுன்ட்டரில் கிடைக்காத பதில் தபாலில் வந்து சேர்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஏற்றிக் கொடுத்தபிறகும் அங்கேயே நின்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டத்து நம்பரில் ஒரு எழுத்து தவறினால் போதும், சோதனையன்று அதன்மேல் காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்து எடுத்த நம்பரோடு ஒத்துப்போகாது. அவர்கள் தட்டச்சில் விட்ட தப்புக்கு நீங்கள்தான் திருட்டு வண்டிக்காரர் மாதிரி நிற்க வேண்டியிருக்கும்.

எஞ்சின் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவது சர்வசாதாரணம். சிலர் அன்றைக்கே ஆபீசில் காட்டிப் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து பெட்ரோல் என்று போட்டுவிடுவார். அந்தப் பின்பக்கம்தான் உங்கள் சொத்து, லேமினேட் செய்கிறேன் என்று ஒட்டிக் கெடுத்துவிடாதீர்கள். எழுதியே வாங்காத வண்டி என்றால், சரி, கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: புக்கில் உள்ள வகை எஞ்சினைத் திரும்ப மாட்டுவதுதான் வழி. "பணம் கொடுத்தால் ஏத்திக்கலாம்" என்பவரை நம்பாதீர்கள். போலியாக ஏற்றியது பின்னால் தெரிந்தால் அவர் இருக்க மாட்டார், வண்டி உங்கள் பெயரில் இருக்கும்.

அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் மாற்றுவது நடக்கிற காரியம். முன்கூட்டியே அனுமதி மனு கொடுங்கள். கோவை உக்கடம் பழைய சாமான் கடையில் எடுத்தாலும் எஞ்சின் நம்பரோடு பில் கேளுங்கள், பில் தர மாட்டேன் என்கிற எஞ்சினைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் ஏற்கெனவே மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். லோன் பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரரின் எழுத்து சம்மதமும் தேவை.

சேஸை வெட்டி நீட்டிய வண்டிகள் மலைப்பக்கத்தில் இருந்து, கேரளத்தில் இருந்தும், நிறைய வருகின்றன. பார்க்க நீளமாக வசதியாக இருக்கும். வாங்காதீர்கள், வெல்டிங்கை மறைத்துப் பெயிண்ட் அடித்திருந்தாலும் ஆய்வில் தெரிந்துவிடும். தார்ப்பாய் ஹூட்டை எடுத்துவிட்டு இரும்புக் கூரை, சீட்டைக் கூட்டுவது, இதெல்லாமும் புக்கோடு ஒப்பிடப்படும். முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டு கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சோதனைக்குப் போகும் அன்று மட்டும் கழற்றிவிட்டு மறுநாள் மாட்டுவது ஊர் வழக்கம், ரோட்டில் பிடித்தால் அது செல்லாது.

"விண்டேஜ்ல போட்டுட்டா எல்லாம் சரியாகிரும்" என்று ஒரு பேச்சு ஓடுகிறது. 2021இல் வந்த அந்த விதியில் வண்டி முதல் பதிவில் இருந்து 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சின் மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் ரோட்டில் இறக்கலாம். தோட்டத்துக்குப் புண்ணாக்கு மூட்டை ஏற்றிப் போகிறவருக்கும், டீசல் எஞ்சின் மாட்டியவருக்கும் இதில் ஒன்றும் இல்லை.

வண்டி இன்னும் காலமான அப்பாரு (தாத்தா) பெயரில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், 31ஆம் எண் படிவம். இறந்த மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டியது, பெரும்பாலானவர்கள் முப்பது வருடம் கழித்துக் கேட்கிறார்கள். அதற்குள் பங்காளிகள் பெருகியிருப்பார்கள். ஜீப்பில் வேலை தொடங்கியது தெரிந்தபிறகு கையெழுத்துக்கு விலை ஏறும்.

ஆபீசில் "முடியாதுங்க" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். பதிவையோ புதுப்பிப்பையோ மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு தர வேண்டும் என்று 45ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கேட்டதுமே பல நேரம் தொனி மாறும். உத்தரவு கைக்கு வந்தால் 57ஆம் பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனுவைக் கிடப்பில் போட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100க்குப் போன் செய்து புகார் எண் வாங்கி வையுங்கள்.

ஆர்.சி.யில் ஏதாவது மாற்றம் ஏறியதும் அதன் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியிலும் ஏற்றச் சொல்லுங்கள், ஈமெயிலில் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் "நான் பார்த்துக்கறேங்க" என்று சொன்னால், பாலிசியில் ஏறிய பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள்.