ஊசி குத்தினால் உடனே சொல்லுங்கள், அக்கா

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஓர் அக்கா மட்டும் கிளம்பாமல் நின்றார். "சிஸ்டர், நான் பார்த்துக்கிற தாத்தாவுக்கு எச்ஐவின்னு அவர் மக இப்பதான் சொன்னாங்க. அவர் டம்ளரைத் தினமும் நான்தான் கழுவுறேன். எனக்கும் வந்துடுமா?"

வராது என்றேன். டம்ளர், தட்டு, வியர்வை, கண்ணீர், தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, எதிலும் வராது. முகம் தெளிந்தது. பையை எடுத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு மூடியைத் திரும்ப மாட்டும்போது ஊசி கட்டைவிரலில் குத்திவிட்டதாம். விரலைப் பிதுக்கி ரத்தம் எடுத்து, ஜிக் என்ற ப்ளீச்சை ஊற்றிக் கழுவினாராம். அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

செவ்வாயிலிருந்து சனி. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவதுதான் நல்லது. அப்புறம் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த நேரம் அவருக்குத் தாண்டிப் போயிருந்தது. ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளவே பயந்தார். அன்றைக்கே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வேலை போயிடுமே, சிஸ்டர்" என்றார்.

எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். அவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலையில் இருந்தால் அதைவிடவும் குறைவு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. காய்ந்துபோன ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஆனாலும் என் வகுப்பில் அதைப் பற்றி யாரும் தாமாகக் கேட்டதில்லை. தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1995 ஏப்ரலில். என் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். ஆறு மாதத்தில் மூன்று ஊசி, அப்புறம் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் இன்று மாத்திரையாலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது. பல வீடுகளில் பாட்டி, தாத்தா இருவருக்குமே சுகர். விரலில் குத்திப் பார்க்கும் பேனா மட்டும் ஒன்றே ஒன்று. ஊசியைத்தான் மாற்றிவிடுகிறோமே என்பார்கள். பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலே ஹெபடைட்டிஸ் பி பரவப் போதும். ஆளுக்கு ஒரு பேனா வையுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள். ஷேவிங் பிளேடுக்கும் இதே கதைதான்.

போட்ட ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள். காலியான ஜிக் பாட்டிலைக் கட்டில் பக்கத்திலேயே வைத்து, போட்ட கையோடு அதில் போடுங்கள். முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, எங்கே ஒப்படைப்பது என்று கிளினிக்கில் கேளுங்கள். சமையலறைக் குப்பையில் போட்டால் அது குப்பை அள்ள வருகிறவர் கையில் குத்தும். கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியமும் வேண்டாம், ஊசி அதைத் துளைத்துவிடும்.

குத்திவிட்டதா? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள். ஜிக்கும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு அப்போதே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாள், நேரம், எப்படிக் குத்தியது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாள் சட்டப்படி இழப்பீடு கேட்கவும் உதவும். 2012-இல் பிரிட்டோரியாவில் மரியா மஹ்லாங்கு என்ற வீட்டுப் பணியாளர் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வீட்டுப் பணியாளர்களை வேலைக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய மகள் வழக்குப் போட்டார். அப்படி விலக்கி வைத்தது செல்லாது என்று 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குடும்பம் தன் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வைத்திருப்பவரும் இதில் அடங்குவார். குத்தியதைச் சொல்வது உங்கள் உரிமை, அக்கா.

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வந்து "குத்திடுச்சு" என்று சொன்னால், எப்படிக் கவனமில்லாமல் இருந்தாய் என்று ஆரம்பிக்காதீர்கள். காரை எடுங்கள். தாத்தா சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள், டாக்டர் கேட்பார்.