ஹைட்ரஜன் பெருக்கல் பை

“‘காண்டாக்ட்’ படம் பார்த்தேன் சித்தப்பா. கடைசியில் ஜெயிச்சது அறிவியலா, கடவுளா?” என்று அண்ணன் மகள் கேட்டாள். பதிலை ஓர் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்: 4.4623 கிகாஹெர்ட்ஸ்.

1997-இல் வந்த படம். மூலக்கதை வானியலாளர் கார்ல் சேகனுடையது. அவர் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாத வானியலாளர் எல்லி, வேற்றுலகச் சமிக்ஞையைத் தேடி நியூ மெக்சிகோவில் ஹெட்போனும் கையுமாகக் கிடக்கிறார். வேகா விண்மீன் பக்கமிருந்து 2, 3, 5, 7 என்று பகா எண்களாகத் துடிப்புகள் வருகின்றன. பகா எண்ணை எல்லோரும் பேசியாயிற்று. என்னை மயக்கியது அது வந்த அலைவரிசை.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலக்ட்ரான். இரண்டுக்கும் பம்பரம் மாதிரி ஒரு சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே பக்கம் பார்த்துச் சுழன்றால் ஆற்றல் ஒரு துளி கூடுதல். எலக்ட்ரான் தலைகீழாகப் புரண்டால் அந்தத் துளி 1,420 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாக வெளியேறும். அலைநீளம் 21 செ.மீ. தனியாக விட்ட ஓர் அணு இப்படிப் புரள, சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும்! ஆனால் அண்டத்தில் ஹைட்ரஜனுக்கா பஞ்சம்? எங்கேயாவது ஏதாவது ஒன்று புரண்டுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே ரேடியோ வானியல் தெரிந்த எந்த உலகத்தாருக்கும் இந்த எண் மனப்பாடமாக இருக்கும். வேற்றுலகச் சமிக்ஞையை இங்கே தேடலாம் என்று கொக்கோனி, மோரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1959-இலேயே எழுதினார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்த இடத்தில் ஹைட்ரஜனே இரைந்துகொண்டிருக்கும். அதனால் படத்தில் அனுப்புகிறவர்கள் அந்த எண்ணை, வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள். 1.4204 கிகாஹெர்ட்ஸ் × 3.1416. முதலில் சொன்ன 4.4623 வந்துவிடுகிறது. எந்த வாயு மேகமும் இந்தக் கணக்கைப் போடாது.

சமிக்ஞை கேட்டதும் எல்லி கும்பிடவில்லை. ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லி, அங்கேயும் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். (நிஜத்தில் நாசாவின் இந்தத் தேடலுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1993-இல் பணத்தை நிறுத்தியது. எந்த நாட்டிலும் முதலில் கத்தரி விழுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.)

கடைசியில், சமிக்ஞையில் வந்த வரைபடத்தின்படி கட்டிய கலத்தில் ஏறி வேகாவுக்குப் போய்வந்ததாக எல்லி சொல்கிறார். பார்த்தவர்களுக்கோ கலம் சில நொடிகளில் நேராகக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். கையில் ஆதாரம் இல்லை. நம்பிக்கை ஜெயித்தது இங்கேதான் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணையில் “இது நடக்கவே இல்லாமலும் இருக்கலாமா?” என்ற கேள்விக்கு, விஞ்ஞானி என்ற முறையில் ஆமாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். தன் வாழ்க்கையின் ஆகப் பெரிய அனுபவத்தைப் பற்றி! நம்மூர் ஜோசியர் யாராவது ஒரு தடவை இப்படிச் சொல்லட்டும், பார்க்கலாம்.

இத்தனைக்கும் எல்லியின் கேமராவில் வெறும் இரைச்சல்தான் பதிவாகியிருந்தது, ஆனால் 18 மணி நேரத்துக்கு. அதிகாரிகள் இருவர் அதைத் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். எல்லியிடம் யாரும் சொல்வதாகப் படத்தில் இல்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.