ஈமெயிலில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பதால், "சார், ஃபேஸ்புக்கை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். யாரோ உட்கார்ந்து யோசித்துப் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தார்கள் என்பது அபூர்வம். ஒன்று, ஓடிபியைப் போனில் சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால், ஏதோ ஒரு தளத்தில் கொடுத்த பாஸ்வேர்டையே ஈமெயிலுக்கும் வைத்திருப்பார்கள்.

பெரிய தளங்களிலிருந்தும் விவரம் கசியும். 2012இல் லிங்க்ட்இன்னில் திருடுபோனவற்றில் 11 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் 2016இல் விற்பனைக்கு வந்தது. அப்படிக் கிடைக்கும் பட்டியலை வைத்து மற்ற தளங்களிலும் நுழைய முடிகிறதா என்று பார்க்கத் தனி மென்பொருளே இருக்கிறது. உங்கள் ஈமெயில் இப்படி ஏதாவது கசிவில் சிக்கியிருக்கிறதா என்பதை 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (haveibeenpwned.com) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாக் கணக்கையும் ஒரே நாளில் சரிசெய்ய உட்கார்ந்தால் பாதியில் சலித்துவிடும். ஈமெயிலில் ஆரம்பியுங்கள். மற்ற கணக்குகளில் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் புது பாஸ்வேர்டுக்கான லிங்க் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. ஈமெயில் பறிபோனால் மற்றதெல்லாம் வரிசையாகப் போகும்.

அந்த ஈமெயிலை மீட்க எந்த நம்பர் கொடுத்திருக்கிறீர்கள்? இதைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். டிஎன்பிஎஸ்சிக்கோ ஸ்காலர்ஷிப்புக்கோ விண்ணப்பிக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனபோது, அங்கே இருந்த பையனே அவசரத்துக்கு ஒரு ஜிமெயில் உருவாக்கித் தந்திருப்பான். மீட்பு நம்பர் கடையுடையது. பாஸ்வேர்ட் உங்கள் பெயரும் பிறந்த வருடமும். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், சாவி அவனிடம் இருக்கிறது. வருடங்கள் கழித்து அதே ஜிமெயிலில்தான் வங்கி ஸ்டேட்மென்ட்டும் வந்துகொண்டிருக்கும். (பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் ஆதார் பிடிஎஃப்பைத் திறக்கும் பாஸ்வேர்ட். அது ஊருக்கே தெரியும். அதையே சொந்தக் கணக்குக்கும் வைப்பவர்கள் ஏராளம்.)

பழைய நம்பரும் இதே கதைதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டிக்கப்பட்ட நம்பரை, குறைந்தது 90 நாள் கழித்து கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்புறம் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். நம்பரை விடுவதற்கு முன்பே வங்கி, ஈமெயில், ஆதார் மூன்றிலும் மாற்றிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லும் பழைய அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. குமார்@1 போய் குமார்@2 வரும், அவ்வளவுதான். பாதுகாப்பு வழிமுறைகளை வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்ஐஎஸ்டி கூட 2017இலேயே அதைக் கைவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றினால் போதும். நீளமாக, ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும். இத்தனையும் மனதில் நிற்காது என்பதால் எல்லாப் பாஸ்வேர்டையும் பூட்டி வைத்துக்கொள்ளும் பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்ட் மேனேஜரைப் பயன்படுத்தலாம். அது ஒத்துவராத பெரியவர்கள் நோட்டில் எழுதி பீரோவில் வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை. போனில் ஃபோட்டோ எடுத்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஜிமெயிலில் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) இயக்குங்கள். அதற்குப் பின் கூகுள் தரும் பேக்கப் கோடுகளை அச்செடுத்து அதே நோட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும். வாட்ஸ்அப்பிலும் ஆறு இலக்கப் பின் வைக்கலாம். போனில் காரணமில்லாமல் வெகுநேரம் சிக்னலே இல்லையென்றால், உங்கள் நம்பரில் வேறு யாராவது சிம் வாங்கிவிட்டார்களா என்று இன்னொரு போனிலிருந்து கம்பெனியைக் கேளுங்கள். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். புகாரை எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்க வருவதெல்லாம் அதற்கு அப்புறம்.