650 யூரோவுக்கு லாரியா? முதலில் கணக்குப் போடுங்கள்

இந்த மாதமும் எங்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஹாம்பர்க்கிலிருந்து மியூனிக்குக்கு ஒரு லோடு காபி மெஷின். நாங்கள் 1,200 யூரோ சொல்லியிருந்தோம். ஆன்லைன் சரக்குச் சந்தையில் யாரோ 650 சொல்ல, அங்கே கொடுத்துவிட்டார். லாரி வந்தது, ஏற்றியது, போனது. மியூனிக் போய்ச் சேரவில்லை. ஆர்டரில் இருந்த கம்பெனியைக் கூப்பிட்டால், அவர்கள் பெயரை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள்.

"போட்டி அதிகம் சார், திறமையானவன் குறைத்துத் தருவான்" என்று இன்னும் எத்தனை பேர் சொல்லிக் கேட்க வேண்டுமோ! தூரம் 800 கிலோமீட்டர் பக்கம். கனரக லாரிக்கு ஜெர்மன் டோல் கிலோமீட்டருக்கு 35 சென்ட் அளவில் வரும். அதுவே 280 யூரோ. டீசல் 100 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் என்றாலும் 300 யூரோ ஆகிவிடும். மிச்சம் 70 யூரோ. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. ஆக டிரைவருக்கு இது இரண்டு நாள் வேலை. அவர் சம்பளம், லாரி தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் அந்த எழுபதிலா? டோலிலும் டீசலிலும் யாருடைய திறமையும் செல்லாது.

நிஜமாகவே மலிவான லாரியும் உண்டு, திரும்பும் வழியில். உதாரணத்துக்கு, இங்கிலாந்துக்குள் போகும் சரக்கு அதிகம், வெளியே வருவது குறைவு. காலியாகத் திரும்புவதற்குப் பதில் கிடைத்த விலைக்கு ஏற்றுவார்கள். இந்தத் தொழிலில் காசு பார்ப்பது இரண்டு பக்கமும் நிரப்பத் தெரிந்தவன்தான். டென்மார்க்கின் சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி டி.எஸ்.வி.யைப் பாருங்கள். 1976-இல் சில லாரிக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. 2025-இல் ஜெர்மன் சரக்குக் கம்பெனி ஷெங்கரை 1,430 கோடி யூரோ மதிப்பில் வாங்கியது. பெரும்பாலும் அடுத்தவர் லாரிகளில்தான் ஓட்டம். கையில் இருப்பது சரக்கும் வலைப்பின்னலும்.

அதனால் ரேட் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எந்த ஊரில் இறக்கிவிட்டு வருகிறான், எங்கே திரும்புகிறான்? பதில் இல்லையென்றால் விடுங்கள். ஈமெயிலில் இருக்கும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். கம்பெனி நம்பரை நீங்களே தேடி எடுங்கள். லோடை வேறொரு லாரிக்காரருக்குக் கைமாற்றக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஏற்றுமிடத்தில் நம்பர் பிளேட்டும் டிரைவர் அடையாள அட்டையும் ஆர்டரில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது.

நேர்மையான கம்பெனியிடம் தொலைந்தாலும் சர்வதேசப் பயணத்தில் சி.எம்.ஆர். என்ற சாலைச் சரக்கு ஒப்பந்தப்படி பொதுவாகக் கிலோவுக்கு 10 யூரோ அளவுதான் நஷ்டஈட்டின் உச்சவரம்பு, உங்கள் பில்லில் எவ்வளவு இருந்தாலும். சரக்கு இன்சூரன்ஸைத் தனியாக எடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரப்பட்டு லாரி பிடிக்காதீர்கள். திங்கள் வரை கிடங்கில் இருக்கட்டும். வாடகைதானே, கொடுத்துவிடலாம்.